புலத்தலைமை இழந்த பேராசிரியர்: டாக்டர் தாஹா ஹுசைன்

அமீதுல் அதபில் அரபீ, அதாவது அரபு இலக்கியத்தின் புலத்தலைவர் என்னும் சிறப்புப் பெயர் இருபதாம் நூற்றாண்டில் ஒருவருக்கே உரியதாயிற்று. அப்பெயரை எந்தப் பல்கலைக்கழகமும் பட்டமளிப்பு விழா நடத்தி வழங்கவில்லை. எந்த அரசும் ஆணையிட்டுத் தரவில்லை. 1932ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எகிப்தியப் பல்கலைக்கழகத்தின் கலைப்புலத் தலைவர் பதவியினின்றும் அரசு ஒருவரை அகற்றிற்று. அதன் பின்னரே மக்கள் அவரை அப்பெயரால் அழைக்கலாயினர். ஒரு புலத்தின் தலைமையைப் பறித்தவர்களுக்கு, ஓர் இலக்கியம் முழுமைக்கும் அவரைத் தலைவராக்கி மக்கள் விடையிறுத்தனர் எனலாம். அவர்தாம் டாக்டர் தாஹா ஹுசைன். பச்சிளம் பருவத்திலேயே கண்ணொளியை இழந்தவர். முந்நாள் மாணவராகவும் பேராசிரியராகவும் அமைச்சராகவும் எகிப்தின் கல்வி வரலாற்றில் அரை நூற்றாண்டு நடமாடியவர்.

அன்னாரின் கருத்துகள் அனைத்தும் நமக்கு உடன்பாடானவை அல்ல. நம் பெரியோர்களில் சிலர் அவர் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பதும் உண்டு. அதற்குக் காரணமும் இல்லாமலில்லை. ஆயினும், கல்விக்கூடத்தில் சிந்தனைக்கு எவ்வளவு இடம், ஆட்சிக்கும் கட்சிக்கும் அங்கே எவ்வளவு இடம் என்ற வினாவை அவர்தம் வாழ்வைப்போல் தெளிவாக எழுப்புவது பிறிதொன்றில்லை என்பதால், இம்மலரில் அவ்வாழ்வைச் சற்று விரிவாகக் காண்போம்.

நைல் நதியின் மேற்குப் பகுதியில், மின்யா மாவட்டத்து மகாகா என்னும் ஊரை அடுத்த ஒரு சிற்றூரில் 1889ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தாஹா பிறந்தார். பதின்மூன்று மக்களில் அவர் ஏழாமவர். தந்தையார் சர்க்கரை ஆலை ஒன்றில் சிறு ஊழியர். கண்ணோய் கண்ட குழந்தைக்கு ஊர் நாவிதர் செய்த மருத்துவம் பார்வையைப் பறித்துக்கொண்டது. பார்வையற்ற பிள்ளைக்கு அந்நாட்டுச் சிற்றூர்களில் ஒரே வழிதான் இருந்தது: திருக்குர்ஆனை மனனம் செய்து ஹாபிழ் ஆவது. ஒன்பது வயதுக்குள் அவர் ஹாபிழ் ஆனார். 1902ஆம் ஆண்டு கோடையில் நாட்டில் பரவிய வாந்திபேதி, மருத்துவக் கல்லூரியில் சேரவிருந்த அவர் தமையனைக் கொண்டுசென்றது. அவ்வாண்டிலேயே மற்றொரு தமையனுடன் கெய்ரோ சென்று அல்-அஸ்ஹரில் சேர்ந்தார். நுழைவுத் தேர்வுக்கு அழைத்த ஆசிரியர் அவரைப் பெயர் சொல்லி அழைக்காமல் குருடனே என விளித்ததை அவர் இறுதிவரை மறக்கவில்லை. தன் வரலாறாக அவர் எழுதிய அல்-ஐயாம் என்னும் நூலில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

அல்-அஸ்ஹரில் இமாம் முஹம்மத் அப்துஹு அவர்களின் கடைசிப் பாடங்களைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டிற்று. ஆனால், அவர் உள்ளத்தைக் கவர்ந்தவர் ஷைக் ஸய்யித் அல்-மர்ஸபீ என்னும் இலக்கிய ஆசிரியரே. பழம்பாடல்களைச் சொல்லுக்குச் சொல் நிறுத்தி, உரையாசிரியரையும் மறுத்து வினவக் கற்றுக்கொடுத்தவர் அவர். தமிழ்த்துறை மாணவர்க்கு இத்தகைய ஆசிரியர்களைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. அவரிடம் முபர்ரதின் அல்-காமில் என்னும் பழைய உரைநடைத் தொகுப்பைப் பயின்றுவந்த நாளில்தான் முதல் இடர் நேர்ந்தது. உமையாக்களின் கொடுங்கோல் ஆளுநனாகிய ஹஜ்ஜாஜ் கூறிய ஒரு கூற்றுக்காக அவனை இறைமறுப்பாளன் எனத் தீர்ப்பிடலாமா என்பது பற்றி மாணவர்களிடையே விவாதம் எழுந்தது. அவன் சொன்னது பெருத்த மரியாதைக்கேடு. ஆனால், அதனால் மட்டும் அவன் மார்க்கத்தினின்றும் நீங்கியவன் ஆகான் என்றார் தாஹா. இச்செய்தி தலைமை ஷைகின் செவிக்கு எட்டிற்று. தாஹாவும் நண்பர் இருவரும் அழைத்து விசாரிக்கப்பட்டனர். அவர்கள் பெயர் பதிவேட்டினின்றும் நீக்கப்பட்டதாகக் கூறப்பட்டது. அல்-காமில் பாடமும் நிறுத்தப்பட்டது.

சினங்கொண்ட தாஹா, அல்-அஸ்ஹர்த் தலைமையைக் கண்டித்துக் கட்டுரை ஒன்று எழுதி அல்-ஜரீதா நாளிதழுக்குக் கொண்டுசென்றார். அதன் ஆசிரியர் அஹ்மத் லுத்பி அஸ்ஸையித் கட்டுரையைப் படித்துவிட்டு வெளியிட மறுத்தார். மாறாக, மாணவருக்காக உரியவர்களிடம் பரிந்து பேசினார். பெயர் நீக்கம் வெறும் அச்சுறுத்தலே என்பது பின்னர்த் தெரியவந்தது. இந்த லுத்பி அஸ்ஸையித் என்னும் பெயரை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். இவ்விருவர் வாழ்வும் அன்று தொடங்கி ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தது.

1908ஆம் ஆண்டு டிசம்பரில் கெய்ரோவில் எகிப்தியப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அது அரசின் நிறுவனம் அன்று. நாட்டு மக்களின் நன்கொடையால் எழுந்தது. மாலை வேளைகளில் அங்கே சென்று, நல்லீனோ, லிட்மன் போன்ற ஐரோப்பியப் பேராசிரியர்களிடம் அரபு இலக்கிய வரலாற்றையும் செமித்திய மொழிகளையும் தாஹா பயின்றார். 1912ஆம் ஆண்டு அல்-அஸ்ஹரின் ஆலிம் தேர்வில் அவர் தேறவில்லை. தேர்வு தொடங்குமுன்பே முடிவு செய்யப்பட்டுவிட்டது என்பது அவர் கருத்து. மறுபுறம், 1914ஆம் ஆண்டு எகிப்தியப் பல்கலைக்கழகம் வழங்கிய முதல் டாக்டர் பட்டம் அவருக்கே கிடைத்தது. ஆய்வுப் பொருள், தம்மைப் போன்றே பார்வையற்றவரும் ஐயப்பாட்டுக் கவிஞருமான அபுல் அலா அல்-மஅர்ரீ. உடனே சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், இறைமறுப்பாளர் ஒருவருக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கு அரசின் உதவித்தொகையை நிறுத்த வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவர முற்பட்டார். அவ்வவையின் துணைத்தலைவராயிருந்த ஸஅத் ஸக்லூல் அவரை அழைத்து, இதே மாணவர் அல்-அஸ்ஹரிலும் பயின்றவராயிற்றே, மற்றோர் உறுப்பினர் எழுந்து அல்-அஸ்ஹருக்கும் உதவித்தொகையை நிறுத்தச் சொன்னால் என்ன செய்வீர் என வினவினார். தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. மாணவர் ஒருவரின் ஆய்வேட்டைக் காரணமாக்கிப் பல்கலைக்கழகத்தின் பணப்பையில் கைவைக்கும் வழக்கம் அந்நாட்டில் பல்கலைக்கழகத்தோடு கூடவே பிறந்தது போலும்.

அவ்வாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டு மோன்ட்பெலியே நகருக்கும், பின்னர்ப் பாரிசுக்கும் மேற்படிப்புக்காக அனுப்பப்பட்டார். மோன்ட்பெலியே நகரில் அவருக்கு நூல்களைப் படித்துக்காட்ட வந்த ஸூஸான் என்னும் பெண்மணியை 1917ஆம் ஆண்டு மணந்தார். அவர் காதுகளுக்கு வாய்த்த நூலகம் அவ்வம்மையாரே எனில் மிகையாகாது. சமூகவியலறிஞர் துர்க்கைமின் மேற்பார்வையில் இப்னு கல்தூனின் சமூகத் தத்துவம் பற்றி ஆய்ந்து இரண்டாம் டாக்டர் பட்டமும் பெற்று, 1919ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். தம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, உரோம வரலாறு கற்பித்தார். 1925ஆம் ஆண்டு அது அரசுப் பல்கலைக்கழகமாக மாறியபோது அரபு இலக்கியப் பேராசிரியரானார். லுத்பி அஸ்ஸையித் அதன் தலைவரானார். நம் நாட்டுத் துணைவேந்தர் பதவிக்கு ஒப்பானது அது.

இனி 1926ஆம் ஆண்டுக்கு வருவோம். ஃபிஷ் ஷிஃரில் ஜாஹிலீ, அதாவது ஜாஹிலிய்யாக் காலக் கவிதை பற்றி, என்னும் நூல் அவ்வாண்டு வெளிவந்தது. வகுப்பில் ஆற்றிய விரிவுரைகளே நூலாயின. இஸ்லாத்துக்கு முற்பட்ட காலத்தவை என நாம் போற்றும் பாடல்களிற் பெரும்பாலானவை அக்காலத்தவை அல்ல; குலப்பெருமைக்காகவும் அரசியலுக்காகவும் கதைகூறுவோர் தேவைக்காகவும் பிற்காலத்தார் புனைந்து முன்னோர் பெயரில் ஏற்றியவை என்பது அந்நூலின் கோட்பாடு. நம் நாட்டு அரபிக் கல்லூரிகளிலும் பாடமாயிருந்துவரும் முஅல்லகாத் பாடல்களை எண்ணிப் பார்த்தால் அதன் அதிர்ச்சி விளங்கும். சங்கப் பாடல்களின் காலம் பற்றி நடந்த வழக்குகளைப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இத்தகைய வழக்கு புதிதன்று. அரபியரிடையேயும் இது முற்றிலும் புதிதன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே இப்னு ஸல்லாம் அல்-ஜுமஹீ போலிப் பாடல்கள் பற்றி எச்சரித்திருந்தார். தாஹா அவ்வையத்தை ஓர் எல்லையின்றி நீட்டினார் என்பதே வேறுபாடு. அந்நூலில் அவர் சொன்ன மற்றொன்றை அவரைக் கண்டித்தோர் பலரும் மறந்துவிடுவர். ஜாஹிலிய்யாக் கால வாழ்வை அறிய அப்பாடல்களைவிடத் திருக்குர்ஆனே நம்பத்தக்க சான்று என்பதும் அவர் வாதமே.

ஆனால், நெருப்பை மூட்டியது வேறோர் இடம். நபி இப்ராஹீம் (அலை), நபி இஸ்மாயீல் (அலை) ஆகிய இருவரும் வேதங்களிற் குறிக்கப்பட்டிருத்தல் ஒன்றே வரலாற்றுச் சான்றாகப் போதாது என்னும் கருத்துப்பட அவர் எழுதிய சில வரிகள் அவை. நம்பிக்கையாளர் உள்ளத்தைச் சுட்ட சொற்கள். அவருடைய வாதத்துக்கும் அவை தேவைப்படவில்லை. பிற்றை ஆண்டு அப்பகுதியை நீக்கி, வேறு இயல்கள் சேர்த்து, ஃபில் அதபில் ஜாஹிலீ என்னும் பெயரில் நூலைத் திரும்ப வெளியிட்டபோது, பாடல்கள் பற்றிய வாதம் எவ்விதக் குறையுமின்றி நின்றது. இதுவே அவ்வரிகள் தேவையற்றவை என்பதற்குப் போதிய சான்று. ஓர் ஆய்வாளர் தம் உரிமையைப் பயன்படுத்துவதும், அவ்வுரிமையைக் காட்டிக்கொள்வதற்காகவே ஒன்றைச் சொல்வதும் வேறு வேறு. முப்பத்தாறு வயதுத் தாஹாவிடம் இரண்டாவதும் சிறிது இருந்தது.

எதிர்ப்பு மூன்று திசைகளிலிருந்து வந்தது. முதலாவது, அறிஞர் எதிர்ப்பு. முஸ்தபா ஸாதிக் அர்-ராபிஈ, முஹம்மத் அல்-கிழ்ர் ஹுசைன், ஃபரீத் வஜ்தீ முதலியோர் மறுப்பு நூல்கள் எழுதினர். அது நூலுக்கு நூல். அதிற் குறைகூற ஒன்றுமில்லை. இரண்டாவது, அல்-அஸ்ஹர் மாணவர் ஒருவரும் பின்னர்த் தலைமை ஷைகும் அரசு வழக்குரைஞரிடம் அளித்த முறையீடுகள். மூன்றாவது, நாடாளுமன்றம். இம்மூன்றாவதை மட்டும் மார்க்க உணர்ச்சி என்று கொண்டால் நாம் ஏமாந்து போவோம். தாஹா அந்நாளில் லிபரல் அரசியலமைப்புக் கட்சியின் நாளிதழாகிய அஸ்-ஸியாஸாவில் எழுதி, ஸஅத் ஸக்லூலின் வஃப்து கட்சியைக் கடுமையாகச் சாடிவந்தவர். தம் நூலையே அவ்வணியைச் சார்ந்த முன்னாள் முதலமைச்சர் ஸர்வத் பாஷாவுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். 1926ஆம் ஆண்டுத் தேர்தலில் வஃப்து பெரும்பான்மை பெற்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவரைக் காத்த ஸஅத் ஸக்லூலே இப்போது அவைத்தலைவர். வஃப்து உறுப்பினர் ஒருவர் நூலைப் பறிமுதல் செய்து ஆசிரியர்மீது வழக்குத் தொடரவேண்டும் என்றார். கூட்டணி அரசின் முதலமைச்சர் அத்லீ யகன் பாஷா பதவி விலகுவதாக எச்சரித்த பின்னரே அவை தணிந்தது. அவ்வுறுப்பினர் தம் தனிப்பட்ட பொறுப்பில் முறையீடு செய்தார். லுத்பி அஸ்ஸையித் தம் பேராசிரியரைக் கைவிடவில்லை. தாஹாவும், தாம் அல்லாஹ்வையும் அவன் மலக்குகளையும் வேதங்களையும் தூதர்களையும் இறுதிநாளையும் நம்பும் முஸ்லிம் என்று பல்கலைக்கழகத் தலைவருக்கு எழுதித் தந்தார். நூல் விற்பனையினின்றும் திரும்பப் பெறப்பட்டது.

விசாரணை நடத்தியவர் முஹம்மத் நூர் என்னும் அரசு வழக்குரைஞர். இம்மனிதரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1926 அக்டோபரில் தாஹாவை நேரில் அழைத்து வினவினார். 1927ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் தம் முடிவை எழுதினார். அம்முடிவுரை ஒரு நீதித்துறைக் குறிப்பாக மட்டும் இல்லை. நூலை வரிவரியாகப் படித்த ஒரு மாணவரின் மதிப்புரையாகவும் இருக்கிறது. தென்னரபு மொழியும் வடவரபு மொழியும் பற்றிய தாஹாவின் வாதத்தில் இடைவெளி எங்கே, கருதுகோளாகத் தொடங்கியது எந்த இடத்தில் முடிந்த முடிபாக மாறிவிடுகிறது, பிறர் கருத்து எங்கே முறையாகச் சுட்டப்படவில்லை என்றெல்லாம் அவர் எடுத்துக்காட்டுகிறார். இப்ராஹீம் நபி (அலை) பற்றிய பகுதியில் ஆசிரியர் வழிதவறிவிட்டார் என்பதையும் தயக்கமின்றிக் கூறுகிறார். இறுதியில், மார்க்கத்தை இழிவுபடுத்தும் நோக்கம் ஆசிரியருக்கு இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆய்வின் போக்கில், அது தேவை எனக் கருதி அவர் எழுதினார். எனவே குற்றம் இல்லை என வழக்கை முடிக்கிறார். ஒருவர் கருத்து தவறு என்று விரித்துரைத்துவிட்டு, தவறான கருத்து குற்றமன்று என்று கையெழுத்திடுவதற்கு ஓர் உள்ளத் தெளிவு வேண்டும். தாஹா ஹுசைன் பெயரை அறிந்தோர் ஆயிரவர். முஹம்மத் நூர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. அது வருந்தத்தக்கது.

1928ஆம் ஆண்டு தாஹா கலைப்புலத் தலைவராகும் வாய்ப்பு வந்தது. வஃப்து அமைச்சர் அதனை விரும்பவில்லை; பதவியை ஏற்க வேண்டா என்றார். முறைப்படி அமர்த்தப்படாத பதவியினின்றும் எவ்வாறு விலகுவது எனக் கேட்டு, ஒரே ஒரு நாள் தலைவராயிருந்து அலுவல் பார்த்து, மறுநாள் விலகினார். 1930ஆம் ஆண்டு ஆசிரியர்களே அவரைத் தேர்ந்தெடுத்தனர். அப்புலத்துக்கு எகிப்தியர் ஒருவர் தலைவரானது அதுவே முதன்முறை. இதே ஆண்டுகளிற்றான் பெண்களும் அப்பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவராகிய ஸுஹைர் அல்-கலமாவீ, பின்னாளில் தாஹாவின் மேற்பார்வையில் ஆயிரத்தோர் இரவுகள் பற்றி ஆய்ந்து டாக்டர் பட்டம் பெற்று, அங்கேயே பேராசிரியரும் ஆனார்.

அப்போது ஆட்சியில் இருந்தவர் இஸ்மாயீல் ஸித்கி பாஷா. 1923ஆம் ஆண்டின் அரசியலமைப்பை நீக்கிவிட்டு, மன்னர் ஃபுஆதின் அதிகாரம் மிகுந்த புதியதொன்றை 1930இல் கொணர்ந்தவர். தமக்கென ஒரு கட்சியும் அதற்கொரு நாளிதழும் தொடங்கினார். அந்நாளிதழுக்கு ஆசிரியராகும்படி தாஹாவைக் கேட்டனர், அவர் மறுத்தார். பின்னர், அரசுக்கு வேண்டிய அரசியற் பிரமுகர்கள் சிலருக்குக் கலைப்புலம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்க வேண்டும் எனக் கல்வி அமைச்சர் ஹில்மீ ஈஸா விரும்பினார். பட்டம் வழங்குதல் ஆசிரியர் குழுவின் உரிமை. அமைச்சர் அனுப்பும் பெயர்ப்பட்டியலுக்கு முத்திரை குத்தும் அலுவலகம் அன்று கலைப்புலம் என்று தாஹா அதற்கும் இணங்கவில்லை. 1932ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், பல்கலைக்கழகத்தைக் கலவாமலேயே, அவரைக் கல்வி அமைச்சக அலுவல் ஒன்றுக்கு மாற்றி ஆணை வந்தது. அங்கே சென்று பணிபுரிய மறுத்தார். அம்மாத இறுதிக்குள் அரசுப் பணியினின்றும் அறவே நீக்கப்பட்டார்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. காரணம் பட்டம் கொடுக்க மறுத்தது. ஆனால், நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது ஆறாண்டுகளுக்கு முந்தைய நூல். 1927இலேயே திருத்தப்பட்டு, வழக்கும் முடிந்துபோன அந்நூலை உறுப்பினர்கள் மீண்டும் கையிலேந்தினர். கலைப்புலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பயில்வதையும் குற்றமாகச் சேர்த்துக்கொண்டனர். மார்க்கத்தின் பெயரால் எழுந்த மெய்யான வருத்தம் ஒன்றை, மார்க்கத்தைப் பற்றிக் கவலைப்படாத ஆட்சியொன்று தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளப் பயன்படுத்திக்கொண்டது. 1926இல் மனம் புண்பட்ட எளிய நம்பிக்கையாளர்க்கும் இது நேர்ந்த அவமதிப்பே என்பேன்.

லுத்பி அஸ்ஸையித் என்ன செய்தார்? பல்கலைக்கழகத்தின் இசைவின்றி அதன் ஆசிரியர் ஒருவரை மாற்றியது அதன் தன்னுரிமையைக் குலைப்பது எனக் கூறித் தம் பதவியைத் துறந்தார். மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். 1935ஆம் ஆண்டு அவரை மீண்டும் தலைவராக அழைத்தபோது, பல்கலைக்கழகப் பேரவையின் ஒப்புதலின்றி எந்தப் பேராசிரியரையும் மாற்றலாகாது என்று சட்டத்தைத் திருத்த வேண்டும் என்னும் நிபந்தனையுடனேயே அவர் திரும்பினார். ஒரு மனிதருக்காக விலகியவர், திரும்பும்போது அம்மனிதருக்காக மட்டும் கேட்கவில்லை.

வேலையிழந்த நாட்களில் தாஹா எழுத்தால் வாழ்ந்தார். தாம் முன்பு சாடிய வஃப்து கட்சியின் அணிக்கே சென்று, அதன் சார்புடைய கவ்கபுஷ் ஷர்க் நாளிதழில் ஆசிரியப் பொறுப்பேற்றார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை ஒட்டிய கதைகளாகிய அலா ஹாமிஷிஸ் ஸீரா என்னும் நூலின் முதற்பகுதி 1933இல் வெளிவந்ததும் இக்காலத்திலேதான். 1934இன் இறுதியில் பேராசிரியராகத் திரும்பி, 1936இல் மீண்டும் புலத்தலைவரானார். ஆயின், அவர் திரும்பிய கல்விக்கூடம் பழைய கல்விக்கூடமாக இல்லை. 1935 நவம்பரில் அரசியலமைப்பைத் திரும்பக் கேட்டுச் சென்ற மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்துறந்திருந்தனர். அந்த வீரத்தின் ஈரம் காயுமுன்பே, நீலச்சட்டை அணிந்த வஃப்து இளைஞரும் பச்சைச்சட்டை அணிந்த இளம் எகிப்து அணியினரும் மோதிக்கொள்ளும் காலம் வந்தது. அமைச்சர் கையினின்றும் விடுபட்ட வளாகம் கட்சித் தொண்டர் கையிற் சிக்கலாயிற்று.

இதில் தாஹாவுக்குப் பங்கே இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. வகுப்பறையில் அவர் கட்சி பேசினார் என எவரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால், காலையில் பேராசிரியராகவும் மாலையில் கட்சி இதழின் எழுத்தாளராகவும் இருந்தவர் அவர். அவருடைய உயர்வும் தாழ்வும் வஃப்து கட்சியின் உயர்வு தாழ்வுகளோடு கட்டுண்டிருந்தன. 1942இல் வஃப்து ஆட்சி வந்தது. அலெக்சாந்திரியாவில் புதிய பல்கலைக்கழகம் எழுந்து அவர் அதன் முதல் தலைவரானார். 1944இல் அவ்வாட்சி போயிற்று, அவரும் போனார். 1950இல் மீண்டும் வஃப்து வந்தது. அவர் கல்வி அமைச்சரானார். பல்கலைக்கழகம் எவர்க்கும் அடிமையாகாது என்று சொன்னவரைத் தமக்கு வேண்டியவர் என்று ஒரு கட்சி கருதுமாறு நேர்ந்தது அவர் வாழ்வின் முரண்பாடு. அக்காலத்து எகிப்தில் அறிஞர் ஒருவர் அரசியலைத் தொடாமல் வாழ்ந்திருக்க முடியுமா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

1938இல் எழுதிய முஸ்தக்பலுஸ் ஸகாஃபா, அதாவது எகிப்தில் பண்பாட்டின் எதிர்காலம், என்னும் நூல் எகிப்தை மத்தியதரைக்கடல் நாகரிகத்தோடு பிணைத்துப் பேசியதால் மற்றொரு விவாதத்தைக் கிளப்பிற்று. அதனை மறுத்து எழுதியவர்களுள் இளம் வயதினரான ஸய்யித் குத்பும் ஒருவர். எனினும், அந்நூலின் பெரும்பகுதி பள்ளிக்கூடங்கள், ஆசிரியர் ஊதியம், தேர்வுமுறை, பல்கலைக்கழகத் தன்னுரிமை பற்றியது. கல்வி என்பது குடிநீரும் காற்றும் போல எல்லார்க்கும் வேண்டுவது என்பது அவர் கொள்கை. அமைச்சரானபோது உயர்நிலைப் பள்ளிக் கல்வியைக் கட்டணமின்றி வழங்கச் செய்தார். இன்று ஐன் ஷம்ஸ் எனப்படும் பல்கலைக்கழகம் 1950இல் அவர் காலத்தில் எழுந்தது. அவ்வாண்டே ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்தையும் திறந்துவைத்தார். நாவிதரின் கத்திக்குக் கண்ணைப் பறிகொடுத்த ஏழைச் சிறுவன் தன் நாட்டுப் பிள்ளைகளுக்குச் செய்த கைம்மாறு அது.

1952இல் மன்னராட்சி வீழ்ந்தது. புதிய ஆட்சியைத் தாஹா வரவேற்றார். ஆனால், 1954 செப்டம்பரில் அவ்வாட்சி பேராசிரியர் பலரை ஒரே ஆணையில் பல்கலைக்கழகங்களினின்றும் நீக்கியபோது, லுத்பி அஸ்ஸையித் கேட்டுப்பெற்ற சட்டக்காப்பு எவரையும் காக்கவில்லை. மன்னராட்சியில் ஒருவருக்காகப் பல்கலைக்கழகமே கொந்தளித்தது. அடுத்த ஆட்சியில் பலருக்காக அவ்வாறு நிகழவில்லை.

அந்த ஜாஹிலிய்யாப் பாடல் வழக்கு என்னவாயிற்று? நாடாளுமன்றத் தீர்மானமும் முறையீடும் முடிக்காத அவ்வழக்கைக் கெய்ரோப் பல்கலைக்கழகமாகிய அதே கல்விக்கூடத்தில் பயின்ற ஒரு மாணவர் எடுத்துக்கொண்டார். நாஸிருத்தீன் அல்-அஸத் என்பது அவர் பெயர். ஜாஹிலிய்யாக் காலத்தில் எழுத்து வழக்கில் இருந்ததா, பாடல்கள் எவ்வாறு வாய்மொழியாகவும் ஏட்டிலும் காக்கப்பட்டன, அறிவித்தவர்கள் எத்தகையோர் என ஒவ்வொன்றாகச் சான்று திரட்டி, தாஹாவின் ஐயம் அளவு கடந்தது என நிறுவும் ஆய்வேட்டுக்கு 1955இல் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு அது நூலாயிற்று. அரபு இலக்கிய வரலாற்றில் அது இன்றளவும் அடிப்படை நூல்களுள் ஒன்று. பின்னாளில் அவர் ஜோர்தான் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். தாஹாவை மறுத்ததற்காக அம்மாணவருக்குக் கெய்ரோவில் எந்தத் தடையும் நேரவில்லை.

1963இல் லுத்பி அஸ்ஸையித் காலமானார். அவர் வகித்துவந்த கெய்ரோ அரபு மொழிக் கழகத்தின் தலைவர் பதவி தாஹா ஹுசைனுக்கு வந்தது. அல்-ஜரீதா அலுவலகத்தில் தம் கட்டுரையை அச்சிட மறுத்தவரின் இருக்கையில் அவர் பத்தாண்டுகள் அமர்ந்திருந்தார். நடக்க இயலாத நிலையிலும், ஜீஸாவிலிருந்த தம் ராமத்தான் இல்லத்தில் பிறர் படிக்கக் கேட்பதை விட்டாரில்லை. நாட்டில் போரின் அமளி இன்னும் அடங்காதிருந்த 1973 அக்டோபர் 28ஆம் நாள் வஃபாத்தானார். அவ்வாண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைப் பரிசு பெறுவோர் பெயர்களைப் படித்தபோது, அவற்றுள் அவர் பெயரும் இருந்தது.